தூசி ஒட்டாத காலுறை

ஐம்பதைத் தாண்டியவர்களே, உங்கள் குதிகாலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? முகத்தைத் தினமும் பார்க்கிறோம், நரைத்ததை எண்ணுகிறோம், கண்ணுக்குக் கீழே தொங்குவதைத் தட்டிப் பார்க்கிறோம். குதிகாலைப் பார்க்க வேண்டுமானால் உட்கார வேண்டும், காலை மடக்க வேண்டும், கொஞ்சம் மூச்சுப் பிடிக்க வேண்டும். நேற்று நகம் வெட்ட உட்கார்ந்தபோது நான் பார்த்தேன். வலது குதிகாலுக்கு மேலே, ஐந்து காசு அளவில், வழவழவென்று ஒரு வெளிர்த் தழும்பு. அதன்மேல் விரல் வைத்ததும் எங்கிருந்தோ வாசனை வந்தது. ஈர ரப்பர். சுண்ணக்கட்டி. ஐஸ்பெட்டியின் பின்பக்கச் சூடு.

ஐஸ்பெட்டி, அதான் பிரிட்ஜ், என்றதும் உங்களுக்குப் புரிந்திருக்கும். நாமெல்லாம் சப்பாத்தை ஐஸ்பெட்டிக்குப் பின்னால் காயவைத்தவர்கள்தானே.

வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து. வகுப்புக்கும் அதுதான், திடலுக்கும் அதுதான், மழைக்கும் அதுதான். வருட ஆரம்பத்தில் ஒன்று வாங்குவார்கள், இரண்டு எண் பெரியதாக. “வளர்ற காலு” என்பது பினாங்கில் எல்லா வீட்டிலும் சொல்லப்பட்ட ஒரே வசனம். வளரும்வரை முன்பக்கம் காலியாகக் கிடக்கும் இடத்தில் பத்திரிகைத் தாளைச் சுருட்டித் திணிப்போம். யாரோ ஒருவருடைய திருமண வாழ்த்தை என் பெருவிரல் ஒரு பருவம் முழுக்க மிதித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேய்த்துக் கழுவி, பஞ்சுமுனை வைத்த புட்டியால் வெள்ளை பூசி, மழைக்காலமென்றால் ஐஸ்பெட்டிக்குப் பின்னால் செருகிவிடுவோம். போன வார வெள்ளையின்மேல் இந்த வார வெள்ளை. துணி துணியாக இராது. குதிகால் பக்கம் காரைச் சுவர்போல இறுகிவிடும். திங்கட்கிழமை காலை கறை தெரிந்தால் கரும்பலகைச் சுண்ணக்கட்டியை எடுத்துத் தேய்ப்போம். நடக்கும்போது சின்னதாகப் புகை கிளம்பும்.

அந்தச் சப்பாத்தில்தான் ஓடினேன்.

அப்போது எனக்குப் பதின்மூன்று. இடைநிலைப் பள்ளியில் முதல் வருடம். எண்பதுகளின் தொடக்கம். ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி எங்களுடையது. லிப்ட் வாரத்தில் பாதி நாள் படுத்துவிடும். ஏறியும் இறங்கியுமே காலுக்குள் காற்று புகுந்துவிட்டது போலும். விளையாட்டுப் போட்டியில் ஓடவிட்டபோது நான் நிற்கவில்லை. எங்கள் விளையாட்டு டீச்சர் திடலில் ஆங்கிலமும் மலாயும்தான் பேசுவார். திட்டுவதற்கு மட்டும் தமிழ். அன்று தமிழில் பேசினார்.

“நீ யாரு? இத்தன நாளா எங்க ஒளிஞ்சிருந்த? நாளையிலேர்ந்து பயிற்சிக்கு வர்ற.”

ஆறு பெண்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆறு பேரும் படகேறிப் பெருநிலத்துக்குப் போவார்கள். கெப்பாலா பத்தாஸில் மாநில நெடுந்தூர ஓட்டம். இரண்டு இரவு ஒரு பள்ளி விடுதியில் தங்கல். மேலும் கீழுமாக இரட்டைக் கட்டில்கள் என்று போய்வந்த அக்கா ஒருத்தி சொன்னாள். நான் அதுவரை வீட்டைவிட்டு ஓர் இரவுகூட வெளியே தூங்கியதில்லை. பதக்கம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அந்த மேல்கட்டில்தான் வேண்டும். அதில் படுத்து, கீழே படுத்திருப்பவளோடு தலையைத் தொங்கப்போட்டுப் பேசவேண்டும். அதற்காக எத்தனை மைல் வேண்டுமானாலும் ஓடுவேன்.

இந்தச் செய்தியை அம்மாவிடம் சொன்னபோது அவள் இரவு வேலை முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பாயான் பாரு பக்கம் மின்னணுத் தொழிற்சாலையில் அம்மாவுக்கு வேலை. சில்லு செய்கிற இடம். உள்ளே போகும்போது தொப்பி, முகமூடி, நீலக் கோட்டு, தனிச் சப்பாத்து, தனிக் காலுறை. அடுப்பு மாதிரி உயரமான இயந்திரங்களில் தட்டுகளை ஏற்றி இறக்கும் பிரிவு. எட்டு மணி நேரமும் நிற்பது, நடப்பது, மறுபடி நிற்பது. அம்மா அடுப்பை அணைத்தாள். அலமாரிக்குப் போனாள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத இரண்டு ஜோடிக் காலுறையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

“இந்தா பாப்பா. கம்பெனி சாமான். கடையில தேடினாலும் கெடைக்காது.”

“ஒனக்கு?”

“எனக்குப் பழசு இருக்கு லா. தொட்டுப் பாரு. நூலு உதிராது, ஒரு பொட்டுத் தூசி ஒட்டாது. சூப்பர்வைசர் லைட் அடிச்சுப் பாத்துத்தான் உள்ள விடுவான். அவ்ளோ சுத்தம்.”

தொட்டேன். வெண்மையான நைலான். விரல் நிற்காமல் ஓடியது. வெளிநாட்டுக்குப் போகிற சில்லுக்கு ஏற்ற காலுறை, ஏழாம் வகுப்புப் பிள்ளையின் காலுக்கு ஏற்காதா? அம்மா அப்படித்தான் நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதைவிட உயர்ந்த பொருள் எங்கள் வீட்டில் எதுவும் இருந்ததில்லை.

முதல் வாரத்திலேயே குதிகால் சிவந்தது. இரண்டாம் வாரம் கொப்புளம், மீன்கண் மாதிரி, உள்ளே நீர் அசைய. அது உடைந்து, அதன்மேல் சப்பாத்தின் காரைச் சுவர் ஏறி இறங்கி, ஏறி இறங்கி… வேண்டாம், நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் படிக்கிறீர்களோ என்னவோ.

நொண்டினேன். டீச்சர் தமிழுக்கு மாறினார்.

“என்ன மஞ்சா பண்ற? செல்லம் கொஞ்சறதெல்லாம் வீட்டோட வெச்சுக்க. கால் வலிக்குதுன்னா கிளாஸ்ல ஒக்காந்து படம் வரை.”

அம்மா இரவு வேலைக்குக் கிளம்பியபின் அப்பாவிடம் காட்டினேன். அவர் துறைமுகக் கிடங்கில் கணக்கர். வருடா வருடம் தைப்பூசத்தன்று பட்டணத்திலிருந்து தண்ணீர்மலைவரை செருப்பில்லாமல் காவடியோடு நடப்பவர். என் குதிகாலை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கவலையைத் தேடினேன். தெரிந்தது பெருமிதம்.

“நான் நடக்கல? வெயில்ல தார் உருகுது, ரோடு முழுக்கத் தேங்கா ஓடு. சப்பாத்தா போட்டேன்? கொப்புளம் வரும், ஒடையும், காயும். அப்புறம் பாரு, மாட்டுத்தோலு மாதிரி ஆயிடும். பொறுத்துக்க.”

அப்பா அன்பாகத்தான் சொன்னார். பாதத்தை இரண்டு தட்டுத் தட்டி, மஞ்சள் குழைத்து அவரே பூசிவிட்டார். ஆனால் எங்கள் வீட்டில் கொப்புளம் ஒரு புண்ணியம். புண்ணியத்திடம் போய், எங்கிருந்து வந்தாய் என்று யார் கேட்பது? வலிக்கிறது என்றால் பொறு. இன்னும் வலிக்கிறது என்றால் இன்னும் பொறு. நானும் பொறுப்பதையே பயிற்சி என்று நம்பி ஓடிக்கொண்டிருந்தேன்.

கேட்டவள் ஒருத்திதான். எங்களுக்கு நான்கு மாடி கீழே குடியிருந்தவள், என் வகுப்பு, என்னோடு ஓடுபவள், என்னைவிட வேகமானவள். ஒருநாள் லிப்ட் படுத்துக்கிடக்க, படியில் பின்னால் வந்தவள் என் பையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏண்டி கோழி மாதிரி நடக்கற?”

“ஒண்ணுமில்ல.”

“கழட்டு.”

“வேணாண்டி.”

“கழட்டுங்கறேன்ல.”

படியிலேயே உட்காரவைத்துக் கழற்றினாள். புண்ணைப் பார்த்து அவள் ஐயோ என்றெல்லாம் சொல்லவில்லை. காலுறையைத்தான் இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

“என்னாடி இது, கெளுத்தி மீனு மாதிரி வழுக்குது? இதப் போட்டுக்கிட்டா ஓடற?”

“கம்பெனி சாமான்,” என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து.

“எந்தக் கம்பெனி? சறுக்குமரக் கம்பெனியா?” சப்பாத்துக்குள் கைவிட்டுத் தாள் உருண்டையை வெளியே எடுத்தாள். “சப்பாத்து கப்பலு மாதிரி. அதுக்குள்ள இந்த வழுக்கல். நீ வெளிய ஒரு ஓட்டம் ஓடற, ஒன் காலு உள்ள தனியா ஒரு ஓட்டம் ஓடுது. ரெண்டு ஓட்டத்துக்கும் ஒரே தோலு. என்ன செய்யும் பாவம்?”

கீழே இறங்கிப் போய்ப் பழைய காலுறை ஒன்றைக் கொண்டுவந்தாள். பந்து விளையாடும் அவளுடைய அண்ணனுடையது. பருத்தி, உள்பக்கம் துவாலை மாதிரிச் சின்னச் சின்ன நூல்வளையம், கணுக்காலுக்கு மேலே இரண்டு மெரூன் கோடு. அதை உள்வெளியாகத் திருப்பினாள்.

“விரலு முனையில தையல் இருக்கு பாரு, அது வெளிய போயிடணும். சுருக்கமே இருக்கக் கூடாது. கயித்த மேல் ஓட்டைவரைக்கும் கோத்து இறுக்கு. குதிகாலு தூக்கவே கூடாது. எங்கண்ணன் ஒரு மாசம் நொண்டித்தான் இதக் கண்டுபுடிச்சான்.”

தடித்த பருத்தி, கப்பலுக்குள் மீதமிருந்த இடத்தையெல்லாம் நிரப்பிக்கொண்டது. மறுநாள் ஓடினேன். எப்படிச் சொல்வது? அதுவரை ஓடும்போதெல்லாம் காதுக்குள் குதிகால்தான் கத்திக்கொண்டிருக்கும். அன்று அது வாயை மூடியது. மூடியதும் மற்றதெல்லாம் கேட்டது. என் மூச்சு கேட்டது. மரத்தில் குரங்குகள் சண்டைபோடுவது, எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள், முன்னால் போகிறவளின் சடை முதுகில் அடிக்கும் சத்தம். உலகத்தில் இவ்வளவு இருந்ததா என்று சிரித்துவிட்டேன். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எந்த மொழியிலும்.

ஆனால் வீட்டில் அம்மா இருந்தாள். அவளிடம் எப்படிச் சொல்வது, உன் கம்பெனிக் காலுறைதான் என் தோலை உரித்தது என்று? புதிதை எனக்குத் தந்துவிட்டுப் பழையதை ஒட்டுத்தைத்துப் போட்டுக்கொண்டு போகிறவளிடம்? நான் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். தினமும் பயிற்சி முடிந்து வந்ததும் நைலான் காலுறையை எடுத்து, குளியலறைத் தரையில் நன்றாகத் தேய்த்து அழுக்காக்கி, சோப்பு போட்டுத் துவைத்து, சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் அம்மா கண்ணில் படுகிற இடமாகக் காயப்போடுவேன். மெரூன் கோட்டுக் காலுறை புத்தகப் பைக்குள் ஈரத்தோடு தூங்கும்.

ஒருநாள் அம்மா கழியிலிருந்து அதை எடுத்து மடித்தபடி சொன்னாள். “பாத்தியா? எவ்ளோ ஓடியும் ஒரு நூலு பிரியல.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

தேர்வு ஒரு சனிக்கிழமை காலை. தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டிப்போனால் வரும் பூந்தோட்டத்தில், உள்சாலையில் இரண்டு சுற்று. இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள். நுழைவாயில் பக்கம் நாகலிங்க மரங்கள் பூ உதிர்த்திருந்தன. கனத்த வாசனை, மிதித்தால் வழுக்கும். முதல் சுற்று முடியும்போது நான் நான்காவது. கீழ்மாடிக்காரி எனக்கு முன்னால் இரண்டாவது. குதிகால் பேசவில்லை. இரண்டாம் சுற்றிலும் அப்படியேதான். கட்டிலின் மேல்தட்டு எனக்குத்தான், ஏறிப் படுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

கடைசி வளைவில் திரும்பியபோது சாலையின் இடப்பக்கத்தில் நீலச் சீருடை ஒன்று நின்றது.

அம்மா. இரவு வேலை முடிந்து தொழிற்சாலைப் பேருந்தை வழியில் நிறுத்தி இறங்கி, அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறாள். கையில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம். வருவேன் என்று சொல்லவே இல்லை. என்னைப் பார்த்ததும் பொட்டலத்தைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள்.

“பாப்பா! ஓடு! ஓடு!”

என் கணுக்காலில் இரண்டு மெரூன் கோடு. ஒரு மைலுக்கு அப்பாலிருந்தும் தெரியும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சாலையை விட்டேன். வலப்பக்கம் ஈரப் புல்சரிவு. எனக்கும் அம்மாவுக்கும் நடுவே இரண்டு பெண்கள் ஓடுகிற மாதிரி வேகத்தைக் குறைத்து, அவர்கள் மறைவில், முழங்கால்வரை வளர்ந்த புல்லுக்குள் காலை ஒளித்துக்கொண்டு ஓடினேன். சரிவில் சப்பாத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கயிறு தளர்ந்தது. பாதி ஆறியிருந்த புண் திறந்துகொண்டதை உணர்ந்தேன். ஒருத்தி தாண்டினாள். இன்னொருத்தி. சாலைக்குத் திரும்பியபோது மூன்றாவதாகவும் ஒருத்தி தாண்டிப்போக, டீச்சர் நின்ற கோடு வந்துவிட்டது.

ஏழாவது.

கீழ்மாடிக்காரி மூச்சிரைக்க ஓடிவந்தாள். “லூசாடி நீ? ரோட்ட விட்டுட்டுப் புல்லுக்குள்ள போற, மாடா?” என்று கத்தினாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு என் தோளில் கைபோட்டாள். டீச்சர் ஆறு பெயரை எழுதி அட்டையை மூடினார். என் குதிகால் பக்கம் வெள்ளையைத் தாண்டி ரத்தம் கசிந்திருந்ததைப் பார்த்தார். “திங்கக்கெழம வெள்ளையா இருக்கணும்,” என்றார், சப்பாத்தைச் சுட்டி.

அம்மா என்னை ஒரு கல்மேடைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

“என்னப் பாத்துட்டுத்தானே அந்தப் பக்கம் போன?”

நான் காலை மேடைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

“கூட ஓடற பிள்ளைங்க முன்னால அம்மா யூனிபோமோட வந்து நிக்கறது வெக்கமா இருந்துச்சா?”

இப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, நம்புங்கள். அவள் கண்ணைப் பார்த்தேன். அதற்கப்புறம் எதையும் ஒளிக்க முடியவில்லை. நைலான், கொப்புளம், படிக்கட்டு, மெரூன் கோடு, குளியலறைத் தரையில் தேய்த்தது, கழியில் காயப்போட்டது, எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

அம்மா குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றினாள். பிறகு காலுறையை. ஒட்டுத்தைத்த நைலான். இரண்டு குதிகாலிலும், எனக்கிருந்த அதே இடத்தில், பிளாஸ்திரி. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று. ஓரத்தில் தெரிந்த தோல் மஞ்சளாகக் காய்த்துப்போயிருந்தது.

“சேர்ந்ததிலேர்ந்து இப்படித்தான்,” என்றாள். “மத்தவளுங்க எல்லாம் சும்மா நடக்கறாளுங்க. என் காலுதான் கோளாறுன்னு நெனச்சேன்.”

“யாருகிட்டயாவது கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டு? இவ காலு ஒத்துவரலன்னு லைன விட்டு எடுத்துட்டா?”

அம்மா எதிர்ப்பக்கம் குரங்கொன்று குட்டிக்குப் பேன் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரிஞ்சேவாம்மா எனக்குக் குடுத்த?”

“ஒன் காலு நல்ல காலு பாப்பா. ஒனக்கு ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன்.”

பிறகு தெரிந்தது, அந்த வரிசையில் வேலை செய்த அத்தனை பெண்களுக்கும் பிளாஸ்திரிதான். சும்மா நடந்தவள் ஒருத்திகூட இல்லை. தன் கால்தான் கோளாறு என்று ஒவ்வொருத்தியும் மற்றவளுக்குத் தெரியாமல் நடந்திருக்கிறாள். அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். நைலானுக்கு உள்ளே மெல்லிய பருத்திக் காலுறை ஒன்று, வெளியே தெரியாமல். சூப்பர்வைசர் வழக்கம்போல லைட் அடித்துப் பார்த்தான். தூசி இல்லை, உள்ளே விட்டான். அதெல்லாம் பிந்திய கதை. அன்று அம்மா மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டது வேறு.

“அடுத்த வருஷமும் ஆறு பேரு எடுப்பாங்கல்ல?”

“எடுப்பாங்க.”

“அப்ப எந்திரி.”

பினாங்கு ரோட்டுக்குப் பேருந்தேறினோம். இரவெல்லாம் தூங்காதவள் வழியெங்கும் கம்பியில் தலை மோத மோத வந்தாள். கடைவரிசைக்கு முன்னால் ஓடும் அஞ்சடிப் பாதையில், கூரைக்குக் கீழே, பெட்டி பெட்டியாக அடுக்கிய சீனர் கடை. கடைக்காரர் காதில் பென்சில். ஓடுவதற்கென்றே செய்த சப்பாத்து வேண்டும் என்று அம்மா பாசார் மலாயில், அந்தக் கடைத்தெருப் பேச்சில், கேட்டாள். வெள்ளையில்லை, நீலம். வளைத்தால் விரல் மடங்குமிடத்தில் வளைந்தது. குதிகால் பக்கம் மெத்தென்ற பட்டை. எனக்கு நாக்கில் நீர் ஊறியது. ஆனால் என் வலது காலைத் துணியில் சுற்றி வைத்திருந்தோம். அதற்குள் எதையும் நுழைக்க முடியாது.

“குடுங்க, நான் போட்டுப் பாக்கறேன்,” என்றாள் அம்மா. அந்த வருடம்தான் எங்கள் இருவர் காலும் ஒரே அளவுக்கு வந்திருந்தன. “ராத்திரி முழுக்க நின்ன காலு. இதுக்கு மேல வீங்காது. இதுக்குப் பொருந்துனா எப்பவும் பொருந்தும்.”

புதிய பருத்திக் காலுறை ஒன்றையும் எடுத்தாள். “மா, திருப்பிப் போடு,” என்றேன். திருப்பினாள். சுருக்கத்தை நான்தான் ஒற்றைக் காலில் குந்தி நீவிவிட்டேன். கயிற்றை மேல் ஓட்டைவரை கோத்துக் கட்டினேன். அம்மா முன்பக்கம் அழுத்திப் பார்த்தாள். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் இடம். எழுந்து இரண்டடி நடந்தாள்.

கடைக்காரர் தலையாட்டினார். நடந்தால் ஒன்றும் தெரியாது, ஓடினால்தான் தெரியும் என்றார்.

“நானா?” அம்மா சிரித்தாள். சீருடையைப் பார்த்துக்கொண்டாள். தெருவைப் பார்த்தாள். பழக்கடைக்காரர், சைக்கிள் நிறுத்திக்கொண்டிருந்த ஒருவர், பின்னல் கூடைகள். பிறகு பையை என் மடியில் வைத்தாள்.

முதலில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூண்வரை, வெட்கத்தோடு, முழங்கை ஒட்டியபடி. அப்புறம் அதற்கடுத்த தூண். திரும்புவாள் என்று பார்த்தேன். திரும்பவில்லை. கூடைகளைத் தாண்டினாள், தையற்கடையைத் தாண்டினாள், கைகள் உடம்பைவிட்டு விலகின, கொண்டை அவிழ்ந்தது. என் அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை. அவளுக்கு ஓடத்தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. மூலைக் கடையில் நீலம் ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

கடைக்காரர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “உன் மா எங்கே போகுது?” என்றார், கவலையாக. சப்பாத்துக்கு இன்னும் காசு கொடுக்கவில்லை.

எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் வந்தது எங்களுக்குப் பின்னால், மற்ற மூலையிலிருந்து. தெருவையே ஒரு சுற்று சுற்றி வந்திருக்கிறாள். வியர்வை வடிய, தலைமுடி முகத்தில் ஒட்ட, இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றாள். கன்னம் இரண்டும் எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தியின் கன்னம் போலச் சிவந்திருந்தன.

“எப்படிம்மா இருக்கு? கடிக்குதா?”

அம்மா நிமிர்ந்தாள். காலைப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள்.

“சரியாத் தெரியல பாப்பா. இரு, இன்னொரு சுத்துப் போயிட்டு வர்றேன்.”